என்டர்பிரைஸ் 1701-க்கு வயது 20-ஆ, 40-ஆ? பணிக்குறிப்பை எழுதிப் பார்த்தேன்

#1 நெடும்பயணி

வணக்கம் நண்பர்களே. ஒரு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டார் ட்ரெக்கை முதல் தொடரிலிருந்து வரிசையாகத் திரும்பப் பார்த்து வருகிறேன். நேற்று மூன்றாவது படத்துக்கு வந்து சேர்ந்தேன், 1984ல் வந்ததே, செத்துப்போன ஸ்பாக்கைத் தேடிப் போகிற கதை. கான் என்ற பழைய எதிரியோடு மோதி, உடம்பெல்லாம் கரி படிந்து, என்டர்பிரைஸ் விண்கப்பல் துறைக்குத் திரும்பி வருகிறது. ரிப்பேர் செய்து மறுபடி கிளம்பலாம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும்போது விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் அட்மிரல் மாரோ வந்து, என்டர்பிரைஸுக்கு 20 வயதாகிவிட்டது, அதன் காலம் முடிந்தது என்று சொல்லிவிடுகிறார்.

இந்த 20 என்ற எண் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, ஒரு நோட்டை எடுத்துக் கப்பலின் பணிக்குறிப்பை நாமே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இதுவரை எழுதியது இது, தவறு இருந்தால் திருத்துங்கள்.

2245ல் கப்பல் சேவைக்கு வருகிறது. கான்ஸ்டிட்யூஷன் வகை, பதிவு எண் என்சிசி-1701. கட்டிய இடம் சான் பிரான்சிஸ்கோ என்று கப்பலின் உள்ளே இருக்கும் பெயர்ப்பலகையே சொல்கிறது. முதல் கேப்டன் ராபர்ட் ஏப்ரல். அவருக்குப் பிறகு கிறிஸ்டோபர் பைக், அவர் காலத்தில்தான் 2254ல் டாலோஸ் 4 என்ற கிரகத்து விவகாரம். அப்போது கப்பலில் 203 பேர். 2265ல் ஜேம்ஸ் கிர்க் பொறுப்பேற்கிறார், ஆட்கள் 430 ஆகிறார்கள், ஐந்தாண்டுப் பயணம் 2270ல் முடிகிறது. பிறகு பூமிக்கு மேலே பெரிய மராமத்து, 18 மாதம். அந்த வேலையைப் பார்த்துக்கொண்ட கேப்டன் வில் டெக்கர். வீஜர் என்ற ராட்சச எந்திரம் பூமியை நோக்கி வந்ததும் கிர்க் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி பார்க்கும்போது 2285, கப்பல் பயிற்சிக் கப்பலாகிவிட்டது, கேப்டன் ஸ்பாக். அதே ஆண்டில் கான், அதே ஆண்டில் ஜெனிசிஸ் கிரகத்துக்கு மேலே முடிவு.

2245லிருந்து 2285 என்றால் 40 ஆண்டு. மாரோ பாதியை எங்கே தொலைத்தார்?

#2 கயல்விழி

அண்ணா, அருமையான வேலை. 20-க்கு என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கிர்க் பொறுப்பேற்றது 2265, மாரோ பேசுவது 2285. சரியாக 20 வருகிறது இல்லையா? மாரோ பேசுவது கிர்க்கிடம். கிர்க்குக்கு அந்தக் கப்பல் கிடைத்த நாளிலிருந்து கணக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டால் தப்பே இல்லை. நம் வீட்டில்கூட, அப்பா வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டியை "நம்ம வண்டிக்கு 12 வருஷமாச்சு" என்றுதான் சொல்வோம், அதற்கு முன் அது யாரிடமோ ஓடிய ஆறு வருஷத்தைச் சேர்க்க மாட்டோம்.

இன்னொன்று. ஏப்ரலைப் பணிக்குறிப்பில் சேர்த்ததற்கு நன்றி. அவர் 1974ல் வந்த கார்ட்டூன் தொடரின் கடைசி எபிசோடில் மட்டும்தான் ரொம்ப நாள் இருந்தார் என்பதால் பலர் அவரைக் கணக்கிலேயே வைப்பதில்லை. அந்த எபிசோடில் அவருக்கு 75 வயது, கட்டாய ஓய்வு பெறப் போய்க்கொண்டிருக்கிறார், கூடவே மனைவி சாரா, அவர்தான் அந்தக் கப்பலின் முதல் மருத்துவர். காலம் பின்னோக்கி ஓடுகிற இடத்தில் எல்லோரும் குழந்தையாகிக்கொண்டே போக, வயதான அந்த இருவர்தான் இளமை திரும்பிக் கப்பலைக் காப்பாற்றுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை.

#3 ஆர்பிட்

நெடும்பயணி சார், கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் ஆண்டுகள் கதையோடு கூடவே பிறந்தவை அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும்.

1966லிருந்து 1969 வரை ஓடிய 79 எபிசோடில் இது எந்த ஆண்டு என்று தெளிவாக முடிவு செய்யவே இல்லை. ஸ்டார்டேட் என்று ஓர் எண்ணைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள், அதை நம் நாட்காட்டிக்கு மாற்ற வழியில்லை. இரண்டாவது படம் "23ஆம் நூற்றாண்டு" என்று மட்டும் போட்டது. அடுத்த தலைமுறைத் தொடரின் முதல் சீசன் முடிவில், 1988ல், டேட்டா என்ற பாத்திரம் 2364 என்று ஒரு ஆண்டைச் சொன்ன பிறகுதான் பிடிமானம் கிடைத்தது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மைக்கேல் ஒகுடாவும் டெனிஸ் ஒகுடாவும் 1993ல் காலவரிசை நூலைக் கொண்டு வந்தார்கள். நீங்கள் எழுதிய 2245 அதிலிருந்து வந்ததுதான். கிர்க்கின் பயணம் 2270ல் முடிந்தது என்பது வாயேஜர் தொடரில் 2001ல்தான் வாய்விட்டுச் சொல்லப்பட்டது.

ஆக 1984ல் மாரோவின் வசனத்தை எழுதியவர் கையில் 2245 என்ற ஆண்டு இல்லை. கப்பலின் முதல் படப்பிடிப்பு 1964 கடைசியில். 1964லிருந்து 1984, 20 ஆண்டு. பார்க்கிறவர்கள் வாழ்ந்த வயதைக் கப்பலுக்கும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் குறையே தெரியவில்லை, அன்றைக்குத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த 20 நேராகப் போய்த் தைத்திருக்கும்.

இந்த மாதிரி நெருடல் இன்னும் இருக்கிறது. இரண்டாவது படத்தில் கான், கிர்க் தன்னைக் கைவிட்டு 15 ஆண்டு ஆயிற்று என்கிறான். கானை முதலில் பார்த்தது 2267 என்றால் 2282 வரவேண்டும். ஆனால் அதே படத்தில் கப்பலின் மருத்துவர் மெக்காய் கிர்க்குக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பாட்டில் ரோமுலன் மது தருகிறார், கிர்க் பாட்டிலைத் தூரத்தில் பிடித்து 2283 என்று படிக்கிறார், அது புளிக்கக் கொஞ்ச காலம் ஆகும் என்று மெக்காய் பதில் சொல்கிறார். அந்த பாட்டில்தான் படத்தை 2283-க்குப் பின்னால் தள்ளியது.

#4 நெடும்பயணி

ஆர்பிட், நீங்கள் சொல்வது எழுதியவர்கள் பக்கத்துக் காரணம். ஏற்கிறேன். நான் தேடுவது கப்பலுக்குள்ளே நிற்கிற காரணம். மாரோ என்கிற மனிதர், ஸ்டார்ஃப்ளீட்டின் தலைமைத் தளபதி, கோப்பைப் பார்க்காமல் ஒரு எண்ணைச் சொல்லியிருப்பாரா? கயல்விழி சொன்ன 2265 கணக்கு எனக்கு இப்போதைக்குப் பிடித்திருக்கிறது, நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

#5 மாடல்பித்தன்

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கப்பலை நான் நேரில் பார்த்தவன்.

தொடருக்காக 1964ல் இரண்டு மாடல் செய்தார்கள். சின்னது சுமார் மூன்று அடி, பெரியது 11 அடிக்கும் மேல். வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரிஸ், கட்டியவர்களில் முக்கியமானவர் ரிச்சர்ட் டேடின். பெரிய மாடலை 1974ல் ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலை விஷயமாக 2011ல் வாஷிங்டன் போயிருந்தபோது விமான விண்வெளி அருங்காட்சியகத்தில் தேடித் தேடி அலைந்தேன், கடைசியில் கீழ்த்தளத்தில், அருங்காட்சியகக் கடைக்குள்ளே, கண்ணாடிப் பெட்டியில் நின்றது. பக்கத்தில் டீ-ஷர்ட்டும் சாவிக்கொத்தும் விற்கிறார்கள். அப்படியே அரை மணி நேரம் நின்றேன். 2017ல் மறுபடி போனேன், அதற்குள் பழுதுபார்த்து மேலே பெரிய மண்டபத்துக்குக் கொண்டு வந்துவிட்டார்கள், அப்பல்லோ நிலா வண்டி இருக்கிற அதே மண்டபம். 2016ல், தொடரின் 50ஆம் ஆண்டுக்காகச் செய்த வேலை அது.

கிட்டே போனால் முதலில் தெரிவது அது மரம் என்பது. வட்டத் தட்டின் மேல்பக்கத்துச் சாம்பல் பூச்சு 1960களில் அடித்ததே, அதை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து ஒரே நிறமாகத் தெரியும், தலையைச் சாய்த்துப் பார்த்தால் பென்சில் கோடுகள் மெல்லியதாக ஓடுகின்றன. அப்புறம் இடப்பக்கம். படம் எடுத்தது எப்போதும் வலப்பக்கத்தை. விளக்குகளுக்கான வயர் இடப்பக்கமாகத்தான் உள்ளே போனது, கேமரா பார்க்காத பக்கம் என்பதால் அதை முழுசாக முடிக்கவே இல்லை. கப்பல் எதிர்த்திசையில் போகிற மாதிரி காட்ட வேண்டி வந்தபோது எண்களையும் எழுத்துகளையும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி ஒட்டிப் படம் எடுத்து, பிலிமைத் திருப்பிப் போட்டார்கள்.

இதைப் பணிக்குறிப்புக்காகத்தான் சொல்கிறேன். பைக் காலத்துக் கப்பலும் கிர்க் காலத்துக் கப்பலும் ஒன்றல்ல, உற்றுப் பாருங்கள். முதல் முன்னோட்ட எபிசோடில் பின்னால் நீண்டிருக்கும் இரண்டு எஞ்சின்களின் முனையில் கூர்முனை இருக்கும், தொடரில் அதே இடத்தில் உள்ளே சுழல்கிற விளக்கு. பாலத்தின், அதாவது கப்பலை இயக்குகிற அறையின், மேல்கூடு முதலில் உயரம், பிறகு தாழ்த்திவிட்டார்கள். முன்னால் இருக்கும் தட்டு ஆன்டெனா சின்னதாகிவிட்டது. ஆட்கள் 203லிருந்து 430 ஆனதையும் சேர்த்துப் பார்த்தால், கிர்க் வருவதை ஒட்டி கப்பலுக்கு ஒரு பெரிய மராமத்து நடந்திருக்க வேண்டும். ஆக டெக்கர் செய்தது முதல் மராமத்து அல்ல. கயல்விழியின் 2265 கணக்குக்கு இது இன்னும் பலம். மாரோவின் கோப்பில், இப்போதைய அமைப்பில் சேவை தொடங்கிய ஆண்டு என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் 2265 என்றுதான் இருக்கும்.

எண்ணைப் பற்றியும் கேட்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். 1701 என்பது 17ஆவது வடிவமைப்பு, அதில் முதல் கப்பல் என்று ஜெஃப்ரிஸ் விளக்கியிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றோடொன்று குழம்புகிற 3, 6, 8, 9 வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார். ஒரு எபிசோடில் உடைந்துபோய் வரும் கான்ஸ்டலேஷன் கப்பலுக்கு 1017 என்ற எண் வந்தது, கடையில் விற்ற பிளாஸ்டிக் கிட்டில் இருந்த 1701 ஸ்டிக்கரை வெட்டி இடம் மாற்றி ஒட்டியதால். நானும் அதே கிட்டில் அதே மாதிரி வெட்டி ஒட்டிப் பார்த்தேன், நடு எண்கள் நேராக உட்கார மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது, அந்த எபிசோடில் கப்பலின் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் விரல் நுனியில் அந்தப் பசை ஞாபகம் வருகிறது.

#6 செவ்வந்தி

எல்லோரும் மராமத்து மராமத்து என்கிறீர்கள். 2270களில் நடந்ததை மராமத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முதல் படத்தைத் திரும்பப் பாருங்கள். தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி கிர்க்கைச் சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு கப்பலைச் சுற்றிக் காட்டுகிறார், பல நிமிடம், வசனமே இல்லாமல், கோல்ட்ஸ்மித்தின் இசை மட்டும். அழகுதான். ஆனால் அதில் பழைய கப்பலின் எது மிச்சம்? எஞ்சின் புதுசு, அதைத் தாங்குகிற கால் புதுசு, தட்டின் அளவே மாறிவிட்டது, மொத்த நீளம் 289 மீட்டரிலிருந்து 305 ஆகிவிட்டது. ஐந்து வருஷம் அந்தக் கப்பலில் வாழ்ந்த கிர்க், உள்ளே போய் நடைபாதையில் வழி தெரியாமல் நின்று, ஒரு ஊழியரிடம் கேட்கிறார். கப்பல் வார்ம்ஹோலில் மாட்டிக்கொள்ளும்போது ஃபேசர் என்ற கதிர் ஆயுதத்தைச் சுடச் சொல்கிறார், டெக்கர் அதை ரத்து செய்து டார்பிடோ விடச் சொல்கிறார். பிறகு தனியறையில் காரணம் சொல்கிறார். புதிய வடிவமைப்பில் ஃபேசருக்குச் சக்தி பிரதான எஞ்சின் வழியாக வருகிறது, எஞ்சின் சமநிலை தப்பினால் ஃபேசர் தானே நின்றுவிடும். கிர்க்குக்கு அது தெரியாது. தன் கப்பலைப் பற்றித் தெரியாத கேப்டனா? இது வேறு கப்பல் என்று டெக்கரே சொல்லாமல் சொல்கிறார்.

அதனால் என் கணக்குப்படி மாரோ 20 என்று சொன்னதே அதிகம். அந்தக் கப்பலுக்கு 2285ல் 12, 13 வயதுதான்.

#7 கயல்விழி

செவ்வந்தி அக்கா, இதை ஒத்துக்கொள்ள முடியாது. நம் கடற்படையின் விராட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1959ல் பிரிட்டனில் ஹெர்மீஸ் என்ற பெயரில் சேவைக்கு வந்தது, 1982ல் ஃபாக்லாந்து சண்டைக்குப் போனது, 1987ல் விராட் என்ற பெயரில் நம்மிடம் வந்தது, 2017 வரை ஓடியது. விமானத்தளத்தை மாற்றினார்கள், முன்பக்கத்தில் மேல்நோக்கி வளைகிற ஓடுதளம் வைத்தார்கள், ரேடாரை மாற்றினார்கள், கொடியை மாற்றினார்கள், பெயரையே மாற்றினார்கள். யாராவது அதை வேறு கப்பல் என்று சொன்னார்களா? உலகத்தில் மிக நீண்ட காலம் ஓடிய விமானந்தாங்கிகளில் ஒன்று என்றுதான் வழியனுப்பினார்கள். என்டர்பிரைஸுக்குப் பெயரும் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. ஸ்டார்ஃப்ளீட் அதை வேறு கப்பலாக நினைத்திருந்தால் எண்ணுக்குப் பின்னால் ஏ போட்டிருக்கும். ஏ போட்டது 2286ல் வந்த அடுத்த கப்பலுக்குத்தான்.

அதோடு ஸ்காட்டியைக் கேளுங்கள். அடுத்த தலைமுறைத் தொடரில் 1992ல் வந்த எபிசோடில் 75 ஆண்டு கழித்துக் கண் விழிக்கிறார். கேட்கிற இடத்தை அப்படியே உருவாக்கிக் காட்டும் ஹோலோடெக் அறையின் கம்ப்யூட்டர், என்டர்பிரைஸ் என்ற பெயரில் ஐந்து கப்பல் இருக்கிறதே, எது வேண்டும் என்று கேட்கிறது. 1701, பாழாய்ப்போன ஏ பி சி டி எதுவும் வேண்டாம் என்கிறார். கதவு திறந்தால் பழைய தொடரின் பாலம். அங்கே காலியான நாற்காலிகளுக்கு நடுவில் கையில் கிளாஸோடு நிற்பாரே, எனக்கு எப்போது பார்த்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டினவர் அவர். அவருக்கு அது ஒரே கப்பல்.

#8 செவ்வந்தி

விராட் உதாரணம் நல்ல உதாரணம், யோசிக்க வைத்தது. ஆனால் ஸ்காட்டி கேட்டது பழைய பாலத்தை, மராமத்துக்குப் பிறகு வந்த பாலத்தை அல்ல. அவர் மனசில் 1701 என்றால் எது என்பதை அந்தக் கதவே சொல்லிவிட்டது.

#9 கயல்விழி

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. இரவு யோசித்துச் சொல்கிறேன்.

#10 நெடும்பயணி

நேற்று இரவு மூன்றாவது படத்தை மறுபடி போட்டு, மாரோ வருவதற்கு முந்தைய காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாம் எல்லோரும் வயதைப் பிடித்துக்கொண்டு பெரிய விஷயத்தைக் கோட்டைவிட்டிருக்கிறோம்.

கப்பல் இன்னும் துறையைத் தொடவில்லை. கிர்க் ஸ்காட்டியிடம் கேட்கிறார், மறுபடி வெளியே எடுத்துப் போக எவ்வளவு நாள் ஆகும்? எட்டு வாரம், ஆனால் உங்களுக்கு எட்டு வாரம் கிடையாது என்பதால் இரண்டில் முடிக்கிறேன் என்கிறார் ஸ்காட்டி. எப்போதும் நான்கால் பெருக்கித்தான் சொல்வாரா என்று கிர்க் கேட்க, பின்னே என் பெயர் எப்படி நிலைக்கும் என்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற இடம். நான் நிறுத்தி எழுதிக்கொண்டேன்: தலைமைப் பொறியாளரின் மதிப்பீடு, கூடினால் எட்டு வாரம், நிஜத்தில் இரண்டு வாரம். கான் அவ்வளவு அடித்த பிறகும் இரண்டு வாரத்தில் மீளக்கூடிய கப்பல் அது.

அடுத்த சில நிமிடத்தில் மாரோ வந்து வயதைச் சொல்லி முடித்துவிடுகிறார். ஸ்காட்டியை எக்ஸெல்சியர் என்ற வேறு கப்பலுக்கு மாற்றிவிடுகிறார். அதாவது கப்பலைச் சரிசெய்யத் தெரிந்த மனிதரையும் கப்பலிலிருந்து கழற்றிவிடுகிறார்.

இதற்குப் பின்னால் நடந்த ஒவ்வொன்றும் இந்த முடிவிலிருந்து வருகிறது. ரிப்பேர் இல்லை. கிர்க் ஸ்பாக்குக்காகக் கப்பலைத் திருடிக்கொண்டு போகிறார், மொத்தம் ஐந்து பேர், 430 பேர் ஓட்டிய கப்பலை. ஸ்காட்டி எல்லாவற்றையும் தானியங்கியாக இணைத்து வைக்கிறார், ஒரு சிம்பன்சியும் இரண்டு பயிற்சியாளரும் போதும் ஓட்டுவதற்கு என்கிறார். ஜெனிசிஸுக்கு மேலே எதிரிகளான க்ளிங்கான்களின் கப்பல் மறைந்து நிற்கிறது, கிர்க் அதைக் கண்டுபிடித்து முதல் அடியும் அடித்துவிடுகிறார், இரண்டு டார்பிடோவும் பட்டுவிட்டது, சண்டையில் ஜெயித்தாயிற்று. கப்பலைச் சுற்றிக் காக்கிற ஆற்றல் கேடயம் கேட்கிறார், வரவில்லை. தானியங்கி தாங்கவில்லை, சண்டைக்குப் போவீர்கள் என்று நான் நினைக்கவில்லை என்கிறார் ஸ்காட்டி. எதிரி திருப்பி ஒன்று அடிக்கிறான், ஒன்றே ஒன்று. கப்பல் செத்துப்போய் மிதக்கிறது.

இரண்டு வாரம் கொடுத்து, ஆட்களையும் கொடுத்திருந்தால் அந்த ஒரு அடி கேடயத்தில் மோதி நின்றிருக்கும். அதனால் என் நோட்டில் கடைசி வரியை மாற்றிவிட்டேன். கப்பல் வயதால் போகவில்லை. வயதாகிவிட்டது என்று எழுதப்பட்ட உத்தரவால் போயிற்று.

#11 ஆர்பிட்

சார், மாரோவின் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமில்லை. முந்தைய படத்துக்குப் போங்கள்.

கான் கைப்பற்றிய ரிலையன்ட் கப்பல் எதிரே வருகிறது, ரேடியோவுக்குப் பதில் இல்லை. லெப்டினன்ட் சாவிக் எழுந்து, தொடர்பு கிடைக்காத எந்தக் கப்பல் நெருங்கினாலும் என்று விதியை ஒப்பிக்கத் தொடங்குகிறார். முடிக்கக்கூட விடவில்லை, விதி அவருக்குத் தெரியும் என்று ஸ்பாக் அடக்குகிறார். கிர்க் மஞ்சள் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார், கேடயத்தை ஏற்றவில்லை. கான் முதலில் எஞ்சின் பகுதியைத்தான் அடிக்கிறான். அங்கே இருந்தவர்கள் பாதிப் பேர் பயிற்சி மாணவர்கள். ஸ்காட்டி தன் சகோதரியின் மகனை, அந்தப் பையன் பீட்டர் பிரெஸ்டனை, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நேராகப் பாலத்துக்கு வந்து நிற்பாரே. அதன் பிறகு கிர்க் ரிலையன்ட்டின் 16309 என்ற ரகசிய எண்ணைப் போட்டு அதன் கேடயத்தை இறக்கித் தப்பித்தது திறமைதான், ஆனால் அந்த நிலைக்கு வந்ததே அவருடைய தவறால். இதை அவரும் பிறகு ஒத்துக்கொள்கிறார், விதியை அப்படியே எடுத்துச் சொல்லிக்கொண்டே இரு என்று சாவிக்கிடமே சொல்கிறார்.

விதிப்படி கேடயம் ஏற்றியிருந்தால் கப்பல் அடிபட்டிருக்காது, ஸ்பாக் எஞ்சின் அறையில் செத்திருக்க மாட்டார், ஜெனிசிஸுக்குத் திரும்பிப் போகவே வேண்டியிருக்காது. கப்பலின் பணிக்குறிப்பில் இழப்புக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் கிர்க்கின் பெயர் வரவேண்டும். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே சொல்கிறேன்.

#12 நெடும்பயணி

ஒத்துக்கொள்கிறேன் ஆர்பிட். சாவிக் காட்சியை நோட்டில் சேர்த்துவிட்டேன், மாரோவுக்கு மேலே.

#13 மாடல்பித்தன்

கடைசிக் காட்சியைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

கப்பல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிற உத்தரவுக்கு மூன்று அதிகாரிகள் வரிசையாகக் குறியெண் சொல்ல வேண்டும். இது மூன்றாவது படத்தில் புதிதாக வந்தது அல்ல, 1969ல் வந்த ஒரு எபிசோடில், பாதி முகம் கறுப்பு பாதி முகம் வெளுப்பாக இரண்டு பேர் வருவார்களே, அதில் முதல்முறை பார்த்தோம். அங்கே வரிசை கிர்க், ஸ்பாக், ஸ்காட்டி. கடைசி சில நொடியில் ரத்து செய்துவிடுவார்கள். 1984ல் அதே குறியெண்களை அப்படியே பயன்படுத்தினார்கள். கிர்க் முதலாவது. இரண்டாவது குறியெண், 1969ல் ஸ்பாக் வாயால் கேட்டது, இப்போது ஸ்காட்டி சொல்கிறார். ஸ்காட்டி அன்றைக்குச் சொன்ன மூன்றாவதை செகாவ் சொல்கிறார். ஸ்பாக் இல்லாததால் எல்லோரும் ஒரு இடம் முன்னால் நகர்ந்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள். ஸ்காட்டி தன் கையால் கட்டியதை அழிக்க வாய் திறப்பதற்கு முன் ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது.

அதற்கு அப்புறம் வட்டத் தட்டின் மேல் 1701 என்ற எண் தீயில் கரைகிற ஷாட். நான் ஸ்மித்சோனியனில் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றது அதே எண்ணைத்தான். எரிந்தது வேறு மாடல் என்று தெரியும், முதல் படத்துக்காகச் செய்த புது வடிவத்தை ஒட்டியது. தெரிந்தும் தாங்கவில்லை.

ஒரு நல்ல சேதி சொல்லி முடிக்கிறேன். நான் சொன்ன அந்த மூன்று அடிச் சின்ன மாடல், தொடரை உருவாக்கிய ராடன்பெரி தன் மேசையில் வைத்திருந்தது, முதல் படம் தயாராகும் சமயத்தில் இரவல் போய்த் திரும்பவே இல்லை. 40 ஆண்டுக்கு மேல் காணவில்லை. 2023ல் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தது, ரசிகர்கள் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள், 2024 ஏப்ரலில் ராடன்பெரியின் மகன் கைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

#14 செவ்வந்தி

இதைப் படித்துவிட்டு இரண்டு காட்சியையும் அடுத்தடுத்து போட்டேன். மாடல்பித்தன் சொன்ன தயக்கம் இருக்கிறது.

நெடும்பயணி, பணிக்குறிப்பில் பைக் காலத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 2256லும் 57லும் க்ளிங்கான் போர் நடந்தபோது என்டர்பிரைஸ் தூரத்தில் தன் பயணத்தில் இருந்தது, திரும்பி வராதே என்று உத்தரவு. போரில் தோற்றால்கூட ஸ்டார்ஃப்ளீட்டின் நல்ல பகுதி ஒன்று தப்பிப் பிழைக்க வேண்டும் என்று தலைமை நினைத்தது, டிஸ்கவரி தொடரின் இரண்டாவது சீசனில் வருகிறது. பைக்குக்கு அது எவ்வளவு வலித்தது என்பதும் வருகிறது. ஒரு தலைமை காப்பாற்றி வைக்க நினைத்த கப்பலை அடுத்த தலைமை 28 ஆண்டு கழித்து வேண்டாம் என்கிறது. அதையும் சேருங்கள். ஸ்பாக் பைக்கிடம் 11 ஆண்டு, 4 மாதம், 5 நாள் வேலை பார்த்ததையும் சேருங்கள், நாள் கணக்கோடு அவரே சொன்னது.

அப்புறம் கயல்விழி, விராட் பற்றி நேற்று முழுக்க யோசித்தேன். ஒரே கப்பல்தான். நீ சொன்னது சரி.

#15 கயல்விழி

அக்கா! நான் ராத்திரி யோசித்து உங்கள் பக்கம் வந்துவிட்டேன். வழி தெரியாமல் நிற்கிற கிர்க்கை மறக்க முடியவில்லை.

#16 நெடும்பயணி

எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தமாகத் திரும்ப எழுதிவிட்டேன். வயது என்ற கட்டத்தில் 40 என்று பேனாவால் எழுதி, அதன் கீழே 20, கிர்க் கணக்கில் என்று எழுதியிருக்கிறேன். 2265-க்குப் பக்கத்தில் மராமத்து என்று மாடல்பித்தன் சொன்னது சேர்ந்துவிட்டது. பைக்குக்கு இப்போது முழுப் பக்கம். இழப்புக் காரணத்தில் மூன்று பெயர் இருக்கிறது, கிர்க், மாரோ, அந்த க்ளிங்கான் கப்பலின் தளபதி க்ரூக், அந்த வரிசையில். வீஜருக்கும் கானுக்கும் நடுவில் உள்ள ஆண்டுகளுக்குத் திரையில் ஒரு காட்சிகூட இல்லை, அதனால் அங்கே இரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

இன்று இரவு நாலாவது படம்.